வேறொருத்தியின் உறக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அம்மாவைப் பத்தாவது நிமிடத்தில் கொன்றுவிட்டாய். அதற்குப் பிறகு திரையில் இரண்டு மணி நேரம் அவள் மகன் துப்பாக்கியோடு கோபுரம் ஏறிக்கொண்டே இருக்கிறான்.

வீட்டில் இருக்கிற அம்மா நலம்தான். முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. சலவைக்கூடத்தில் ஆளைக் குறைத்துவிட்டார்கள், வேலையைக் குறைக்கவில்லை. மருத்துவமனை விரிப்புகளோடு இப்போது இரண்டு விடுதிகளின் விரிப்புகளும் எங்கள் தலையில்தான். நானும் மறுபடி மடிப்பு மேசைக்கே வந்துவிட்டேன். நீ இருந்தபோது போலவே ஒருத்தி உரக்கப் படிக்க, அவள் பங்கை மற்றவர்கள் மடிக்கிறோம். பெரும்பாலும் அதே பெருங்குரல் ஸ்பீக்கர் அக்காதான் படிக்கிறாள். உன் கதையை, அது அச்சான பத்திரிகையைப் பார்க்காமலே சொல்ல அவளுக்கு வரும்.

அதனால்தான் உன் படத்துக்கு மேசையே கிளம்பிப் போனது. மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் விட்டார். பொய் சொல்லமாட்டேன், அந்த ஒளிக்கோபுரம் அழகாக இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே பல படங்களில் பார்த்த கோபுரம். பின்வரிசையில் ஒருவன், “இப்போ கூட இருக்கறவனே காட்டிக் குடுப்பான் பாரு” என்றான். அடுத்த காட்சியில் காட்டிக் கொடுத்தான்.

இடைவேளையில் எங்கள் ஆட்களுக்கு ஒரே குழப்பம். தூக்கம் விற்கிற பெஞ்சு இன்னும் வரவில்லையே என்று ஒருத்தி கேட்டாள். அரங்குக்காரர்கள் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று கடைசியில் முடிவாயிற்று. அம்மாதான் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் போனாள். “தம்பி, வேற படம் ஓடுது போல. இது எங்க கதை இல்ல” என்றாள். அவன் சிரித்துவிட்டு, “பேரு அதேதானேம்மா. போய் உக்காருங்க, சண்டை இனிமேதான்” என்றான்.

திரும்பி வந்து எங்களிடம், “இது ரெண்டாம் பாகமாம். நம்ம கதை முதல் பாகத்துல வருமாம்” என்று சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம். ஒருத்தியும் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை.

படம் என்றால் அப்படித்தான், கதையில் மெதுவாகச் சொல்லலாம், திரையில் முடியாது என்று எழுதியிருந்தாய். உன் கதையில் எந்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓர் அறை, ஒரு பெஞ்சு, உறக்கத்தை விற்க வரிசையில் நிற்கும் பெண்கள். பிள்ளையின் படிப்புக்காக வருடக்கணக்கில் விற்றவள், கடைசியில் ஒரே ஓர் இரவை விலைக்கு வாங்குகிறாள். படுத்தால் கனவில் யாருடைய குழந்தையோ அழுகிறது. தான் வாங்கியது வேறொருத்தியின் உறக்கம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. இதை எடுக்க ஒரு முகம் போதும். உறங்காதவளின் கண்ணைச் சுவர் உயரத்துக்குக் காட்ட எந்தப் புத்தகத்தாலும் முடியாது. உன்னிடம் அந்தச் சுவர் இருந்தது. நீ அதில் வெடி கொளுத்தினாய்.

எதிர்காலம் என்றால் கண்ணாடிக் கட்டடமும் வெள்ளி உடையும் என்று முடிவு செய்கிறவர்கள் யாரும் தங்கள் சட்டையைத் தாங்களே துவைக்கிறவர்கள் இல்லை. அந்த உடைகளை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டது உன் கதை. எங்களுக்கு அது பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

இப்போது அதைப் புத்தகமாகப் போடுகிறார்கள், அட்டையில் நாயகன் முகம், முடிவைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்கிறார்கள், உன்னிடம் பிரதி இல்லாததால் மேசையில் இருக்கும் பத்திரிகையை அனுப்பு என்கிறாய். கடைசிப் பக்கம் மட்டும்தானே என்கிறாய்.

அந்தப் பக்கம் எப்படி வந்தது அண்ணா? நீ முதலில் எழுதியதில் அவள் நிம்மதியாகத் தூங்கி எழுவாள். நீதான் மேசையில் நின்று படித்தாய், உன் பங்கை நாங்கள் மடித்தோம். முடிந்ததும் ஸ்பீக்கர் அக்கா, “அடுத்தவ தூக்கத்த வாங்கி வெச்சுக்கிட்டு இவளுக்கு எப்படிடா தூக்கம் வரும்?” என்று கேட்டாள். “காசு குடுத்துதானே வாங்கினா, பாவம், ஒரு நாள் தூங்கட்டுமே” என்று கிழிசல் தைக்கிற அத்தை சண்டைக்கு வந்தாள். அம்மா விரிப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “திருப்பிக் குடுத்துடுவா. வேற என்ன பண்ணுவா” என்றாள். நீ முகம் கோணாமல் உட்கார்ந்து, அவள் திருப்பிக் கொடுப்பதாக மாற்றி எழுதினாய். உன்னை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் அது. அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் வரவில்லை என்று எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீ அங்கே யாருக்கு முன்னால் நிற்கிறாய், யார் எதைச் சொன்னால் மறுக்க முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்களுக்கு மேற்பார்வையாளர் இருப்பதுபோல உனக்கும் ஒருவர் இருப்பார். ஆனால் நாங்கள் அவருக்கு விரிப்பைத்தான் மடித்துக் கொடுக்கிறோம்.

அம்மா பத்திரிகையை அனுப்பிவிடச் சொல்கிறாள். “அவன் பொழப்பு அவனுக்குத் தெரியாதா? நீ குறுக்க நிக்காத” என்கிறாள். ஆனால் நேற்று ஸ்பீக்கர் அக்கா வழக்கம்போல உன் கதையை எடுத்தபோது, வேறு ஏதாவது படி என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அக்கா எதையோ படித்தாள். அம்மா கேட்கவில்லை, மடித்துக்கொண்டிருந்தாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இன்னும் பெரிய படங்கள் எடுக்க வேண்டும். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பத்திரிகை என்னிடம்தான் இருக்கிறது, தபாலில் வராது. அந்தப் பக்கத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால் புது முடிவை எழுதி எடுத்துக்கொண்டு இங்கே வா. முன்பு போல மேசையில் நின்று, அம்மா மடித்துக்கொண்டிருக்கும்போது, நீயே உரக்கப் படி. உன் பங்கை நான் மடிக்கிறேன்.

எப்போது வருகிறாய்?

உன் நலம் தவிர வேறு நினைக்காத,
தங்கை