தினேஸ்வரியின் மடிக்கு ஒரு டியூபா

ஏப்ரல் 21, 2025, திங்கள்

என் மகள் தினேஸ்வரியைப் பள்ளிக்கூட பேண்டில் டியூபாவிலிருந்து, மடியில் வைத்து ஊதும் அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்திலிருந்து, எடுத்துவிட்டார்கள். இனிமேல் அந்த முக்கோணக் கம்பியை டிங் டிங் என்று தட்ட வேண்டுமாம்.

நான் ஓட்டும் பள்ளி வேனில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகுதான் சொன்னாள். பேண்ட் வாத்தியார் பழனியப்பன் சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "டியூபாவ யாரு தூக்கிட்டு வாரான்னே தெரியல லா. டியூபாவுக்கே காலு முளைச்ச மாதிரி இருக்கு." முப்பது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

பதின்மூன்று வயதில் அவள் 138 சென்டிமீட்டர். அதற்கு என்ன இப்போ? என் பிள்ளை என்னை மாதிரி இருப்பாள். வேற யாரை மாதிரி இருப்பா?

ஏப்ரல் 22

காலை ட்ரிப்பை முடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். ஒத்திகை அறையில் சார் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் விளையாட்டாச் சொன்னது தப்புதான். ஆனா இங்க இருக்கிற ரெண்டு டியூபாவும் பெரிய ஆளுங்களுக்குச் செஞ்சது. அவ கழுத்த நீட்டி நீட்டி ஊதுறா. மூச்சு பத்தல. சின்ன சைஸ்ல ஒண்ணு இருந்தா..."

சின்ன. அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. "உங்க டியூபாவே வேணாம் சார். நாங்களே வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருபது வயதில் எஸ்டேட்டை விட்டு வந்து முதல்முதலாக வேலை கேட்டுப் போன தொழிற்சாலையில், சூப்பர்வைசர் என்னை மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "கை எட்டாது, போம்மா" என்றான். வேன் ஓட்ட ஆரம்பித்தபோது, பிரேக்குக்குக் கால் எட்டுமா என்று கேட்காத ஆள் எங்கள் குனோங் ராபாட்டில் இல்லை. பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது.

ஏப்ரல் 26, சனி

தாப்பாவுக்குப் போனோம், நானும் அவளும். ஸைஃபுல் என்பவர் கலைந்துபோன பேண்டுகளின் வாத்தியங்களை வாங்கி விற்கிறார். இரண்டு டியூபா வைத்திருந்தார். ஒன்று விரலால் அழுத்துகிற வால்வு நாலு வைத்தது, வெள்ளி முலாம், பளபளவென்று ராஜா மாதிரி. இன்னொன்று மூன்று வால்வு. முக்கால் சைஸாம், பூச்சு உரிந்து கிடந்தது. தினேஸ் அந்தச் சின்னதின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"அதுவா வேணும்? அதத் தூக்கிட்டுப் போனா இன்னும் சிரிப்பாங்க" என்றேன். கையை எடுத்துவிட்டாள்.

ஸைஃபுல் சொன்னார்: "அக்கா, பிள்ளைய உக்கார வச்சு ஊதச் சொல்லிப் பாத்துட்டு எடுங்க."

"வளர்ற பிள்ளைதானே தம்பி. பெரிசையே ஏத்துங்க வேன்ல."

இரண்டு வருஷம் போட்ட சீட்டுப் பணம் போய்விட்டது. போகட்டும். திங்கட்கிழமை அந்த வாத்தியார் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28

எடுத்துப் போக மாட்டாளாம். முதலில் வீட்டில் பழகிக்கொள்கிறாளாம். என்ன பழக்கம்? வாங்கிக் குடுத்தாச்சு, தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே!

மே 3, சனி

இன்று கத்திவிட்டேன்.

மடியில் வைத்தால் வாய் வைக்கிற முனை அவள் மூக்குக்கு வருகிறது. கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இப்போது கால் தரையில் பாவவில்லை. நாலாவது வால்வுக்குச் சுண்டு விரல் எட்டவில்லை. இரண்டு சுரம் ஊதியதும் தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டாள்.

"பலமா ஊது! சோறு தின்னல?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அது. அவள் அழவில்லை. டியூபாவைத் தரையில் மெதுவாக இறக்கி வைத்தாள். தொடையில் நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

தேவன் அப்போதுதான் சிம்பாங் பூலாய் குவாரியிலிருந்து வந்து, சட்டையில் சுண்ணாம்புத் தூசியோடு வாசலில் நின்றிருந்தார். என் புருஷன் வாயைத் திறப்பதே அபூர்வம். இன்று திறந்தார். "கலா, நீ இத அந்த வாத்தியாருக்கு வாங்கியிருக்க. பிள்ளைக்கு வாங்கல."

சாப்பாடு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

மே 5

இன்று அவள் ஊதவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 7, புதன்

வேனில் பின்சீட்டில் கூட்டாளிப் பிள்ளையிடம் மெதுவாகச் சொல்கிறாள்: "நான் பேண்ட்ட விட்டுடப் போறேன். டியூபா ஆசையெல்லாம் எங்கம்மாவுக்குத்தான்."

கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கா ஆசை? எனக்கு அந்தச் சாமானின் பெயரே போன வருஷம்தான் தெரியும்! நன்றி கெட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, மார்க்கெட்டுக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்தேன். பதினோரு மணி, யாரும் இல்லை. மூலையில் அது பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உன்னால என்னடி முடியல, நான் காட்டுறேன் என்று தூக்கினேன். பத்துக் கிலோ இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தேன்.

முனை என் மேலுதட்டுக்கு மேலே நின்றது. தாடையைத் தூக்கினேன். கழுத்து நரம்பு இழுத்தது. ஊதினேன். புஸ் என்று காற்றும் எச்சிலும். இன்னும் பலமாக. கண் இருட்டிக்கொண்டு வந்தது, கையால் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. அவளுக்குப் பதின்மூன்று.

மத்தியான ட்ரிப்புக்குப் பத்து நிமிஷம் தாமதம். முதல் தடவை. மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தானே அந்தச் சூப்பர்வைசர் — அவனாவது போ என்றுதான் சொன்னான். நான் இழுத்துக் கட்டிப் போட்டு ஊது என்கிறேன்.

மே 10, சனி

தாப்பாவில் அந்தச் சின்ன டியூபா இல்லை. வித்துப்போச்சாம். ஸைஃபுல் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர்தான் அன்றைக்கே சொன்னார்.

பெரியதைக் கொஞ்சம் விலை குறைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். "ஈப்போவுல ஷஹீதா அக்கா இருக்காங்க, வாத்தியம் ரிப்பேர் பண்றவங்க. அங்க கேட்டுப் பாருங்க" என்று நம்பர் கொடுத்தார்.

மே 12, திங்கள் (விடுமுறை)

ஷஹீதாவின் கடை மாடியில். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். நான் வாயைத் திறப்பதற்குள் தினேஸைப் பார்த்து, "உக்காருமா. கால் ரெண்டும் தரையில இருக்கணும். நேராப் பாரு. டியூபா உன்கிட்ட வரணும், நீ அதுகிட்டப் போகக்கூடாது" என்றார்.

மூன்று டியூபாக்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தாள். புதிதாக, தங்க நிறத்தில், விலையும் மலிவாக ஒன்று இருந்தது. எனக்கு அதன்மேல்தான் கண். கேட்டேவிட்டேன்.

"வேணாம்க்கா. தகடு மெலிசு. ஒரு வருஷத்துல வால்வு சிக்கும், மாத்த சாமான் கிடைக்காது." ஒரு பழையதை எடுத்தார். முக்கால் சைஸ், மூன்று வால்வு. வெளியே நாலைந்து நெளிசல். "இந்த நெளிசலுக்குச் சத்தம் கெடாது. முனையிலேர்ந்து போற இந்தக் குழாய்தான் சுத்தமா இருக்கணும், இருக்கு. வால்வெல்லாம் தானா மேல வருது பாருங்க. குழாய் சின்னதுங்கறதால மூச்சும் கம்மியாப் போதும். இப்ப படிக்கிறதுக்கு மூணு வால்வு தாராளம்."

தினேஸ் ஊதினாள். ஐந்து சுரம், ஒரே மூச்சில். தாடையைத் தூக்கவில்லை. ஐந்தாவது சுரம் மரத்தரை வழியாக என் செருப்புக்குள் வந்தது.

எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. நெளிசலைப் பற்றி. சிரிப்பார்கள் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, இது" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. சொன்னாள்.

ஜூன் 11

தினேஸை மறுபடி டியூபா வரிசையில் உட்கார வைத்திருக்கிறார் பழனியப்பன் சார். அந்த ஆளைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. என்னிடம் சொன்ன மன்னிப்பை அவளிடம் சொல்லவில்லை, அந்த முப்பது பிள்ளைகள் முன்னால் சொல்லவில்லை. போய்க் கேட்கட்டுமா என்றேன். "வேணாம்மா. வேணும்னா நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

ஜூன் 13

கேட்டாளாம். ஒத்திகையில் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். சார் எல்லார் முன்னாலும் சாரி சொன்னாராம்.

என்ன கேட்டாய், எப்படிக் கேட்டாய் என்று எத்தனை தடவை குடைந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 19, சனி

பள்ளி மண்டபத்தில் நிகழ்ச்சி. வேனிலிருந்து இறங்கும்போதே தினேஸ் சொல்லிவிட்டாள்: "ரெண்டு பேரும் கடைசி வரிசையில உக்காருங்க. முன்னால வந்து போட்டோ எடுக்கக்கூடாது."

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் வரிசையாகத் தலைகள். மேடையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று டியூபா சேர்ந்து வாசித்தன. நாற்காலியின் கால் வழியாகச் சத்தம் ஏறி வந்தது. அதில் எது அவளுடையது என்று கண்ணை மூடிப் பிரித்துப் பார்த்தேன். முடியவில்லை.

"தெரியுதா?" என்று கேட்டார் தேவன்.

"தெரியல" என்றேன். எழுந்து பார்க்கவில்லை.