இர்பான் எழுதிக் கொடுத்த அட்டைகள்

செவ்வாய், இரவு

நாளை பிரகாஷுக்கு ஹோட்டலில் விடுமுறைக்கால வேலைக்கு நேர்காணல். ஆங்கிலத்தில்தான் கேட்பார்களாம். ஆரம்பப் பள்ளி முதலாம் ஆண்டிலிருந்து அவனுக்கு ஆங்கில வாத்தியார் நான்தான். இந்த முறை அவன் போய் நின்றது இர்பானிடம். போன மாதம்தான் கெலுகோர் பள்ளியிலிருந்து எங்கள் வகுப்புக்கு மாறி வந்தவன் அவன். குழப்பும் சொற்களை எல்லாம் அட்டைகளில் எழுதிக் கொடுத்து, பிரகாஷோடு அட்டை மாதிரியே ஒட்டிக்கொண்டான்.

மலாய் மொழியில் கடன் வாங்கினாலும் கொடுத்தாலும் 'பிஞ்சாம்'தான். அதனால் பிரகாஷுக்கு ஆங்கிலத்தில் வாங்குவது 'பாரோ'வா, கொடுப்பது 'லெண்ட்'டா என்று எப்போதும் தடுமாற்றம். இன்று ஓய்வு நேரத்தில் அந்த இரண்டு அட்டைகளிலும் தமிழ் அர்த்தத்தை அழித்து, மாற்றி எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. என்னால் அவனுக்கு வேலை போய்விட்டால்? போன் அடித்தேன்.

"டேய், அந்த பாரோ அட்டைய நம்பாதடா."

"தெரியும் லா. அப்பவே இர்பான் பார்த்துட்டான். உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நான் செய்த குறும்புக்கு, நான் இல்லாமல், ரெண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.