மலையிலிருந்து கை காட்டியவர்கள்

டிச. 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒடிந்துவிட்டது. மகளின் குடையை எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள், பூப்போட்டது. செயலகத்தில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கூடாரம் பங்கிடுகிற கூட்டம். வழக்கம் போல் தாமதம். உதவி நிறுவனத்துக்கு ஒரு ஜாக்கெட், ஜாக்கெட்டுக்கு ஒரு நிறம். எனக்கு ஜாக்கெட் இல்லை. மூன்று மாத ஒப்பந்தக்காரிக்கு யார் தைத்துத் தருவார்கள்? பதவியின் பெயர் மட்டும் நீளம்: தற்காலிக உறைவிட உதவி ஒருங்கிணைப்பாளர். அதாவது, எல்லா நிறுவனமும் ஒரே ஊருக்கு ஓடாமல் மறித்து, யாரும் போகாத ஊருக்குத் திருப்பிவிடுகிறவள். மாடு மேய்ப்பது லேசு.

பெ.நி. (பெரிய நிறுவனம், பெயர் எழுத மாட்டேன், எழுதினால் கை கூசும்) கூடாரங்கள் வந்திறங்கிவிட்டன. மேற்பிரிவுக்கு என்று போன வாரமே பேசி வைத்தவை. எல்கடுவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, சுவரில் கை நுழைகிற வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சனம் முழுக்கத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் வருகிற திங்கள் திறக்கிறது. அதற்குள் கூடாரம். இல்லாவிட்டால் திரும்பவும் அந்த வெடித்த லயம். வேறு போக்கிடம் கிடையாது. கூடாரம் போடப் பந்தடிக்கிற தரையைத் தருவதாகத் தோட்டத் துரையும் ஒத்துக்கொண்டுவிட்டார். அதற்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

பெ.நி.யின் கள அதிகாரி ரொஷான், கொழும்புப் பிள்ளை. கெட்ட பிள்ளை இல்லை. சேறு படாத சப்பாத்து. நேற்று மேற்பிரிவுக்குப் போய்ப் பார்த்தானாம். சிங்களத்தில் சொன்னான்: "ஸ்கூல்ல யாருமே இல்ல மிஸ். கூட்டித் துடைச்சு அவ்வளவு சுத்தம். எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"பத்தரை இருக்கும்."

பத்தரைக்குத் தோட்டத்து மனுசர் எங்கே இருப்பார்கள்? மலையில், கொழுந்துக் கூடையோடு. பிள்ளைகள் ஆயாவிடம், பிள்ளைக்காம்பராவில். கிழடுகள் மாட்டுக்குப் புல்லறுக்க. வகுப்பறை வகுப்பறையாகவே இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் முதல் நாளே கண்டிஷன். அதனால் தினமும் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகுமுன் பாயைச் சுருட்டி, மூட்டை முடிச்சை மேடைக்குப் பின்னால் அடுக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டுத்தான் போகிறார்கள். இத்தனையும் சொன்னேன். ரொஷான் தலையாட்டினான். "புரியுது மிஸ். ஆனா எங்க கண்ணால ஆளைப் பார்த்தாத்தான் ரிப்போர்ட் மாத்தலாம்." தலைமை வகித்த நிமல் சேர், மறுபடி போய்ப் பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு தட்டிலிருந்த மாலு பானுக்குக் கை நீட்டினார்.

இரவு செல்விக்குப் போன். கொழுந்து பறிக்கிறவள், அந்தச் சனத்துக்காக வாய் திறக்கிறவளும் அவள்தான். அவளுடைய மருமகள் பிரியாவுக்கு இது நிறைமாசம்.

"என்னா மிஸ், கூட்டிப் பெருக்கி வச்சது ஒரு குத்தமா?"

டிச. 10, புதன்

மழை இல்லை. துணி காய்ந்தது. ஒரு நல்ல செய்தி.

ரொஷானிடம் கேட்டேன், சாயந்தரம் ஐந்துக்கு மேல் போங்களேன், எல்லாரும் இருப்பார்கள். முடியாதாம். மலைப் பாதையிலிருந்து வாகனம் நாலு மணிக்குள் இறங்கிவிட வேண்டும், பாதுகாப்பு விதி. சரி, விடியற்காலை பெரட்டுக்கு முன்னால்? டிரைவருக்கு எட்டு மணிக்குத்தான் வேலை தொடங்குகிறது. ஆக, அந்தச் சனம் வேலையில் நிற்கிற நேரம் மட்டும்தான் இவர்களுடைய கண் திறந்திருக்கும். விதி எழுதினவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

நாளைக் காலை கட்டாயம் வருகிறேன் என்றான். செல்வியிடம் சொன்னேன்: நாளைக்கு யாரும் மலைக்குப் போக வேண்டாம். பாயைச் சுருட்ட வேண்டாம், கழுவ வேண்டாம், எல்லாம் கிடக்கிறபடி கிடக்கட்டும்.

சிரித்தாள். "அசிங்கமா இருந்தாத்தான் கூடாரம் குடுப்பாங்களா மிஸ்?" அப்புறம் யோசித்து, "ஒரு நாப் பேரு போயிரும், சம்பளமும்தான். பரவால்ல. நீங்க சொல்றீங்க, நிக்கிறோம்."

நீங்க சொல்றீங்க.

வாங்க: குடை, மகளுக்கு வெள்ளைச் சொக்ஸ், உம்மாவின் பிரஷர் மாத்திரை.

டிச. 11, வியாழன்

மந்தாரம்.

எட்டு மணி. செல்வி: "எல்லாரும் இருக்கோம் மிஸ்."
பத்து. "ஜீப்பு எந்தப் பக்கமா வருது மிஸ்?"
பதினொன்று. "கங்காணி வந்து கத்திட்டுப் போறாரு. தொர கேட்டாராம், என்னா ஸ்ட்ரைக்கான்னு."

ரொஷான் போன் எடுக்கவில்லை. நான் அனுப்பின செய்திக்கெல்லாம் கட்டைவிரல் மட்டும் வந்தது. பின்னேரம் எடுத்தான். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்துவிட்டார்களாம், வாகனம் எல்லாம் அவர்களுக்குப் பின்னால். "சொரி மிஸ். நாளைக்கு ஷுவர்."

செல்விக்கு எப்படிச் சொல்வது? போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன், பருப்பு அடிப்பிடித்தது. சொன்னேன்.

"நாளைக்கும் நிக்க ஏலாது மிஸ். ரெண்டாவது நாளும் நின்னா பேர வெட்டிருவாங்க."

திட்டியிருந்தால் தேவலை.

இவர் கடையிலிருந்து வந்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஒடம்புக்கு ஏலாமப் போகும், கொஞ்சம் படுங்க." படுத்தேன். தூக்கம் வந்தால்தானே.

டிச. 12, வெள்ளி

திரும்ப மழை.

ஜீப்பில் எனக்கும் இடம் கேட்டேன். வெளியாட்களை ஏற்றினால் இன்ஷூரன்ஸ் இல்லையாம். வெளியாள்! சரி, பள்ளிக்கூடத்தோடு நிற்காதீர்கள், மேலே மலையில் பெண்கள் நிற்பார்கள், ஏறிப் போய்க் கேளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஓகே மிஸ்." பஸ் பிடித்தாவது போயிருப்பேன். நிமல் சேர் அதே நேரத்துக்குக் கூட்டம் போட்டுவிட்டார். தலைப்பு: ஒருங்கிணைப்பை மேம்படுத்துதல்.

இருட்டினதும் செல்வியின் போன்.

"மிஸ், ஜீப்பு வந்திச்சு. மேலருந்து பாத்தோம். ஸ்கூல்கிட்ட நின்னிச்சு. பிரியாவ கீழ நிக்க வச்சிருந்தோம், ஜீப்பு வர்ற நேரத்துக்கு அவ கிளினிக் போயிட்டா, கீழ யாரும் இல்ல. நாங்க கைய ஆட்டுனோம், கத்துனோம். அவங்களும் கைய ஆட்டுனாங்க. சரி, நிப்பாங்கன்னு கூடைய எறக்கி வச்சிட்டு ஓடியாந்தோம். ரோட்டுக்கு வந்தா ஜீப்பு இல்ல."

டிச. 13, சனி

விடுமுறையிலும் கூட்டம். பட்டிஸ், பால் தேத்தண்ணி.

ரொஷான் சந்தோசமாக வந்தான். இரண்டாம் முறையும் உறுதி செய்தாயிற்று, பள்ளிக்கூடம் காலி. கூடாரங்கள் யட்டவத்தைப் பக்கம் போகின்றன, லொறியில் ஏற்றியாகிவிட்டது. ரோட்டோரக் கிராமம், போக வர லேசு. அங்கே வேறு நிறுவனம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்று போன கூட்டத்திலேயே சொன்னேன். யார் காதில் ஏறியது?

"அந்தத் தோட்டத்து ஆட்கள் நல்லவங்க மிஸ். மலையில நின்னு டாட்டா காட்டினாங்க. பாருங்க." போனில் படம்.

கத்தினேன். மாத்தளையில் இரண்டு மொழியும் பேசி வளர்ந்தவள், எந்த மொழியில் கத்துகிறேன் என்றுகூட மறந்து கத்தினேன். டாட்டா இல்லை, உன்னைக் கூப்பிட்டார்கள். ரொஷானின் முகம் செத்துப்போயிற்று. சொரி என்றான், இரண்டு தரம், உண்மையாகத்தான். நிமல் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லொறி போயிட்டுதே மிஸ். அடுத்த தொகுதியில பார்ப்போம்." அடுத்த தொகுதி எப்போது? தெரியாது.

மழையில் வெளியே போய் நின்றேன். மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டிச. 14, ஞாயிறு

இவர் கடையிலிருந்து மழைக்குக் கட்டுகிற தறப்பாள் ஒன்று எடுத்துத் தந்தார். முச்சக்கர வண்டியில் மேலே போனேன். வேறு என்ன கொண்டு போவது?

பாய்களும் மூட்டைகளும் லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பிரியா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் குக்கர். தலைமையாசிரியர் வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்து, எங்கள் ஆட்கள் மாதிரிச் சுத்தம் யாருக்கும் வராது என்றார்.

செல்வி தறப்பாளை வாங்கினாள். நன்றி சொன்னாள், அதுதான் வலித்தது. சுவர் வெடிப்புக்கு மேலே கட்டலாம், காற்று வராது என்றாள்.

"இங்க படுக்காதீங்க செல்வி."

"அப்ப எங்க படுக்கிறது மிஸ்? நீங்களே சொல்லுங்க."

தறப்பாளின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். ஒருங்கிணைப்பாளர்.

டிச. 15, திங்கள்

விடாத மழை. மகளுக்கு வெள்ளைச் சொக்ஸ் வாங்க மறந்தேன், ஈரத்தையே போட்டுக்கொண்டு போனாள். எல்லாப் பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று.

விடிந்ததும் செல்விக்கு எடுத்தேன். இருக்கிறார்கள். இரவு முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம், முறை போட்டு. இப்போது பெரட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

பெ.நி. தன் முகநூல் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறது. சனிக்கிழமை நான் கத்தியதற்குப் பிறகும். கீழே எழுத்து: மகிழ்ச்சியோடு வழியனுப்பும் தோட்ட மக்கள். நிறைய இதயங்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவில் செல்வி, இரண்டு கையும் தலைக்கு மேலே, வாய் திறந்திருக்கிறது. நில்லுங்க என்கிறாள்.