நாற்பத்தேழாம் நம்பர் கேட்டுக்கு வராத காரணம்

ஜோகுபாளையம்,
பெங்களூர் – 8
11.1.2004

கடல் மேலே இருக்கும் என் மகன் நரேஷுக்கு, கரையிலே இருக்கும் உன் சித்தப்பா இரண்டு கையும் நிறைய ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி யசோதாவும் மூன்று வேளையும் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை, நீ போனை வைத்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. சித்திக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் பக்கத்தில் லட்சுமம்மா வீட்டுப் போன் அடித்தால் போதும், எனக்கு முன்னால் ஓடிவிடுகிறாள். தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. என் உடம்பு இரும்பு, போன வாரம்கூட ஒரு கல்யாணக் கோஷ்டிக்குப் பதினோரு பெட்டியை ஒரே நடையில் ஏற்றினேன், கண்டோன்மென்ட் ஸ்டேஷனே நின்று பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து சித்தி நாலு பெட்டி என்கிறாள், அவள் எங்கே வந்து எண்ணினாளோ.

நீ அன்றைக்குப் போனில் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "கொச்சிக்கு வந்துட்டு என்னப் பாக்காம போயிருக்கீங்க சித்தப்பா. ரயில் லேட்டுன்னீங்க, அப்புறம் சித்திக்கு மயக்கம்னீங்க, இப்ப போலீஸ் விடலன்றீங்க. நிஜத்த எழுதி அனுப்புங்க, மார்ச்சுல வீட்டுக்கு வரேன். இல்லன்னா இன்னும் ஒன்பது மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டு இங்கயே இருந்துடறேன்" என்றாய். மூன்றுமே நல்ல கதைதான், ஒன்றோடு நிறுத்தியிருந்தால் நீ நம்பியிருப்பாய். சரி, இப்போது நிஜத்தை எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் என்றாலும் அந்தக் காலத்து அஞ்சு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம், எழுத்தில் குறை இருக்காது. "சும்னே அளக்காம எழுதுங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று சித்தி காவலுக்கு இருக்கிறாள்.

உனக்காக மூன்று உருப்படி கட்டினோம். நீலப் பெட்டியில் துணிமணி, கோணிப்பையில் நீ கொறிக்க நிப்பட்டும் காங்கிரஸ் கடலையும், கூடையில் புளிக்காய்ச்சல் பாட்டில். இருபத்தெட்டு வருஷம் மற்றவர்கள் சாமானை ஏற்றி இறக்கிய பிளாட்பாரத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக டிக்கெட்டோடு நின்றேன். நம்ம நாராயணசாமி என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, "இன்னிக்கு நீ பாசெஞ்சர்டா, கைய வீசிட்டு நட" என்றான். எனக்குக் கையை வீசி நடக்கத் தெரியவில்லை நரேஷ், கால் பின்னிக்கொண்டது. நீ சொல்லியபடி வெள்ளைச் சட்டை, புது ஷூ எல்லாம் போட்டிருந்தேன். "என் சித்தப்பா ரயில்வே ஆபீசர்" என்று உன் மேலதிகாரி பெர்னார்ட் சாரிடம் சொல்லி, ஒரு மணிக்குத் துறைமுகக் கேட்டில் எங்கள் இருவருக்கும் பாஸ் வாங்கி வைத்திருந்தாயே, அவரே கூட இருந்து கப்பலைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. அந்தப் பொய் உன்னுடையதில்லை. அண்ணனும் அண்ணியும் போன பிறகு உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன், படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ரயில்வே உத்தியோகம் என்று எழுதியவன் நான். உனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதையேதான் எழுதினேன், எழுதி எழுதி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

எர்ணாகுளத்தில் வண்டி சரியான நேரத்துக்குத்தான் போய் நின்றது. இறங்கி நம் மூன்று உருப்படியை எண்ணி வைத்து நிமிர்ந்தேன், அடுத்த ரயில் பெட்டி வாசலிலிருந்து "ஃபார்ட்டிசெவன்! நாப்பத்தேழு! இங்க வா!" என்று ஒரு குரல். பார்த்தால் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிற பவுலின் என்கிற அம்மா. வருஷா வருஷம் அவர்கள் ஊருக்குப் போகும்போது சாமான் தூக்குகிறவன் நான், என் பேர் அவர்களுக்குத் தெரியாது, கையில் கட்டுகிற பித்தளைப் பில்லை நம்பர்தான் தெரியும். எழுபத்து நாலு வயசு, தனி ஆள், ஆறு பெட்டி. அந்த நம்பர் காதில் விழுந்ததுதான் தாமதம், தோளில் கிடந்த துண்டு தானே சுருண்டு தலைக்குச் சும்மாடாகப் போய்விட்டது. நான் பாசெஞ்சர் என்பது இரண்டு பெட்டி தலைமேல் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. "ஏங்க, நம்ம பெட்டி இங்க கெடக்குது, யாரு பெட்டியத் தூக்கிட்டு ஓடறீங்க!" என்று சித்தி பின்னால் கத்துகிறாள். பவுலின் அம்மா அசரவே இல்லை, "நீ இந்த ஸ்டேஷன்லயும் இருக்கியா?" என்று கேட்டார்கள். அந்த ஊர்ப் போர்ட்டர்கள் நாலு பேர் மலையாளத்தில் சண்டைக்கு வந்தார்கள், என் நம்பரைச் சொன்னதும் சலாம் வைத்து வழிவிட்டார்கள். சலாம் வைத்தது அவர்கள் இல்லை, கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது நான்தான் என்று சித்தி எழுதச் சொல்கிறாள், அதுவும் நிஜம்தான்.

அவர்கள் போவது உன் கப்பலுக்கு என்பது டாக்ஸி பேசும்போதுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகன் கப்பலில் சுற்றிப் பார்த்து வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தானாம். எல்லோரும் ஒரே காரில் போனோம். ஷூவோடு சுமை தூக்க எனக்கு வரவில்லை, கழற்றி வண்டியிலேயே போட்டுவிட்டேன். கேட்டில் அவர்கள் டிக்கெட்டைக் காட்டியதும் சாமான் தூக்குகிறவன் என்று என்னையும் உள்ளே விட்டார்கள், சித்தியும் அவர்களும் மிச்சச் சாமானோடு காரிலேயே இருந்தார்கள். அப்பப்பா, என்ன கப்பல் நரேஷ் அது, அல்சூர் ஏரியில் விட்டால் ஏரிக்கு இடம் இருக்காது. சாமான் சேர்க்கிற கொட்டகைக்குள் இரண்டாம் நடை போகும்போது மேஜை முன்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். வெள்ளை உடுப்பு, தோளில் கறுப்புப் பட்டை, குனிந்து இடது கையால் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாய். கழுத்து இளைத்திருந்தது. நான் கையை உயர்த்திப் பெட்டியைப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் சட்டையில் பெர்னார்ட் என்று பெயர் குத்தியிருந்தது. நல்ல மனுஷர், பெட்டியை இறக்க ஒரு கை கொடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து, என் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தார். நீ சீட்டை ஒட்டினாய், நிமிரவில்லை, என் வெறுங்காலைப் பார்த்தோ என்னவோ "தேங்க்யூண்ணா" என்றாய். எத்தனை ஆயிரம் பெட்டி தூக்கியிருக்கிறேன், அந்த வார்த்தையைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் வளர்த்த பிள்ளை யாரென்று தெரியாத ஒரு கூலிக்கு அதைச் சொல்கிறவனாக இருக்கிறான். அந்தத் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

வெளியே வந்த பிறகுதான் யோசனை ஓடியது. பெர்னார்ட் சார் பார்த்த இதே முகம் ஒரு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு ரயில்வே ஆபீசர் என்று போய் நின்றால், நீ சொன்ன வார்த்தை என்ன ஆகும், உன் வேலை என்ன ஆகும்? கேட்டுக்குப் போகக் கூடாது என்று முடிவு கட்டினேன். நம் மூன்று உருப்படியையும் பவுலின் அம்மாவிடம் ஒப்படைத்து, உன் பேரைச் சொன்னேன். "உன் மகனா? இத்தன வருஷம் சொல்லவே இல்லையே" என்று கோபித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். உன்னிடம் கொடுக்கும்போது ஃபார்ட்டிசெவன் அனுப்பினார் என்று சொல்வார்கள், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு மணிக்கு நீ கேட்டுக்கு வந்ததைப் பார்த்தோம். ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து குனிந்து பார்த்தாய். ஐம்பது அடி தூரம்தான். சித்தி இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒன்றே முக்காலுக்கு நீ திரும்பி நடந்தாய். பின்னால் காலர் மடங்கியிருந்தது, அதை எடுத்துவிட முடியவில்லையே என்று இன்றைக்கும் சொல்கிறாள். திரும்பி வரும்போது சேலத்தில் வண்டி நின்றது. அவள், "பிள்ள மானத்தக் காப்பாத்தினேன்னு நெனச்சுக்காதீங்க, உங்க மானத்தத்தான் காப்பாத்திக்கிட்டீங்க. வெயில்ல நின்னது அவன்" என்றாள். அவள் சொன்னதுதான் நிஜம். தப்பு என்னுடையது நரேஷ். பெர்னார்ட் சாரிடம் சொல்லிவிடு, அன்றைக்கு அவர் தண்ணீர் கொடுத்தது உன் சித்தப்பாவுக்குத்தான் என்று. அவர் என்ன சொல்கிறார் என்பது அப்புறம்.

இந்தக் கடிதம் உன் கம்பெனியின் மும்பை விலாசத்துக்குப் போய்க் கப்பலுக்கு வர வேண்டும், அதற்குள் எதிலும் கையெழுத்துப் போடாதே. மார்ச்சில் வரும்போது மும்பையில் வண்டி ஏறி, கனமான பெட்டியைச் சீட்டுக்கு அடியில் கைப்பிடி வெளியே தெரிகிற மாதிரி தள்ளு, சங்கிலி போட்டுப் பூட்டு, சாவியைப் பெட்டியோடு வைக்காதே, பெரிய ஸ்டேஷன் வந்தால் உருப்படியை எண்ணு. சிட்டி வரை போகாதே, கண்டோன்மென்டில் இறங்கு, ரயில் பெட்டி நம்பரை முன்னாடியே லட்சுமம்மா வீட்டுக்குப் போன் செய்து சொல்லு. நாராயணசாமியிடமும் மற்றவர்களிடமும் சொல்லி வைத்துவிட்டேன், உன் சாமானை வேறு யாரும் தொட மாட்டார்கள். சிவப்புச் சட்டையோடு வாசலுக்கு நேரே நான் நிற்பேன். ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று வராதே, கையை வீசிக்கொண்டு நட. பழக்கம் இல்லாவிட்டால் கால் பின்னும், பார்த்து வா. நோய் நொடி இல்லாமல், அலை ஆட்டத்தில் தலை சுற்றாமல், நீ நூறு வருஷம் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று நானும் சித்தியும் வாழ்த்துகிறோம். புளிக்காய்ச்சல் பாட்டிலை மூடி இறுக்கி வை என்று சித்தி ஞாபகப்படுத்துகிறாள்.

இப்படிக்கு
உன் சித்தப்பா
மு. வெங்கடசாமி
லைசென்ஸ் போர்ட்டர், நம்பர் 47
பெங்களூர் கண்டோன்மென்ட்