ஒத்தாவியோ தின்ற ரொட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா உப்பைக் குறைத்திருக்கிறாளா? பொலோஞாவில் நான் சுகம்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை நடந்தது. எங்கள் ஆய்வில் பாதிப் பேருக்கு நீங்கள் அனுப்பிய நம் ஊர்ப் பழைய ரகமான தும்மினியா கோதுமையில் சுட்ட ரொட்டி, மீதிப் பேருக்குக் கடைக் கோதுமை ரொட்டி. அவர்கள் குடலில் வாழும் பாக்டீரியா எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். யாருக்கு எது என்பது எங்களுக்கே தெரியக் கூடாது.

ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒத்தாவியோவின் பொட்டலத்தை முகர்ந்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "இது எங்கப்பா விளைச்ச கோதுமைங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர், "உங்கப்பா கைக்கு முத்தம் குடுக்கணும்மா, வயித்து உப்புசமே போயிடுச்சு!" என்று பாடாத குறைதான்.

யாருக்கு எந்த ரொட்டி என்று எழுதி மூடிவைத்திருந்த உறைகளை நேற்று பிரித்தோம். அவர் தின்றது கடைக் கோதுமை. பாக்டீரியா துளியும் மாறவில்லை.

"உப்புசம் உன் பேச்சுல போயிருக்கு, நுன்சியா" என்றார் ஆய்வை நடத்தும் பேராசிரியை. "உங்க வீட்டு ரொட்டி வாசனைகூடவா உனக்குத் தெரியல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய் வெகுநேரம் நின்றேன். அவருடைய முடிவுகளை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். பாவம், இத்தனை வாரம் அவர் தின்றது என்னால் வீண்.

உங்கள் கோதுமையைத் தின்றவர்களுக்கு நல்ல பாக்டீரியா கூடியிருக்கிறது. குறை என் மூக்கில்தான்.

ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு ரொட்டி அனுப்புங்கள், துணியில் சுற்றி. ஆய்வுக்கு இல்லை அப்பா, எனக்கு.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

நுன்சியா