பிள்ளையார்பாளையத்தில் நின்ற கப்பல்

போன மாதம், பழுது பார்க்க வந்த ஒரு பழைய கப்பல் ரேடியோப் பெட்டியைத் திறக்கப் போனேன். திருகாணியைக் கழற்றியதும் அதோடு கொஞ்சம் சிவப்புப் பொடி உதிர்ந்தது. துரு என்று நினைத்து ஊதினேன். மூக்கில் ஏறியது குங்கும வாசனை. கப்பல் சாமானில் டீசல் நாறும், உப்பு நாறும், கரப்பான் பூச்சி கூட நாறும். குங்குமம் மணக்காது. ஏ.ஐ.எஸ். பெட்டிக்கு ஆயுத பூஜை போட்ட ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் வருடாந்திரச் சோதனை ஸ்டிக்கர், பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்த கையெழுத்து என்னுடையது.

உன் கப்பலின் பெட்டி.

மாடி அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உடைத்த கப்பல்களின் சாமான்களை வாங்கி விற்கும் சென்னை வியாபாரி ஒருவர், ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி மூன்று பெட்டிகள் அனுப்பியிருந்தார். அதில் ஒன்றாக நீ என் மேஜைக்கு வந்திருந்தாய். நீ என்றா எழுதினேன்? இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.

இந்தப் பெட்டி என்ன செய்யும் என்று இரண்டாம் அதிகாரியாக இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உன் மனைவி கலாவுக்கு ஒருமுறை சொன்ன மாதிரியே சொல்கிறேன். நான் இந்தக் கப்பல், இங்கே இருக்கிறேன், இன்ன ஊருக்குப் போகிறேன் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பதற்குப் பக்கத்துக் கப்பல் வேண்டும் என்றில்லை. கரையில் கேட்பார்கள், மேலே போகும் செயற்கைக்கோளும் கேட்கும். அதைத்தான் கைபேசிச் செயலியில் வரைபடமாகக் காட்டுகிறார்கள். அவள் மாகறலில் அடுப்படியில் நின்றுகொண்டு கடலில் உன்னைப் பார்த்தது அப்படித்தான்.

நீ ஒழுங்கான அதிகாரி என்று உன் கேப்டன் சொல்வார். எனக்கல்லவா தெரியும் உன் லட்சணம். எண்ணூரில் கப்பலைக் கட்டி, கயிறு போட்டு, குளித்துவிட்டுக் காபியும் குடித்திருப்பாய். பெட்டி மட்டும் 'எஞ்சின் ஓட்டத்தில் இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஓட்டமா, நங்கூரமா, கட்டியாயிற்றா என்பதைக் கையால் மாற்ற வேண்டும். ஒரு தடவையாவது நீயாக மாற்றியிருக்கிறாயா? நான்தான் போனில் கத்துவேன்.

"டேய், கட்டிப் போட்ட கப்பல் ஓடிக்கினு இருக்குதுன்னு காட்டுதுடா."

"ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஓட்டம்தான்பா. எண்ணூரு எனக்கு ஊரா?" என்பாய்.

அதைவிடப் பெரிய அடாவடி, போகும் ஊர் என்ற கட்டத்தில் நீ எழுதியது. மொத்தம் இருபது எழுத்துதான் அதற்கு இடம். கப்பல் நம் கரையோரமாகப் போகும்போதெல்லாம் அடுத்த துறைமுகத்தின் பெயரை அழித்துவிட்டுக் காஞ்சிபுரம் என்று அடித்து வைப்பாய். அந்தக் கிழட்டுக் கப்பலில் நெட் கிடையாது. கலா செயலியைத் திறந்து அந்தப் பெயரைப் பார்த்தால் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். கரை மறைந்ததும் பழையபடி மாற்றிவிடுவாய். ஒருமுறை துறைமுகக் கட்டுப்பாட்டறையிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டு, காஞ்சிபுரத்தில் எங்கே ஐயா துறைமுகம் இருக்கிறது என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நான் திட்டினேன். சரக்குக் கப்பலின் பெட்டியில் காதல் கடிதம் எழுதுகிற ஆளை வேறு என்ன செய்வது?

அந்த நாளுக்கு வருகிறேன். நான்கு வருடம் ஆகிறது.

மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை உன் காவல். கலா இரண்டு மணிக்குச் செயலியைத் திறந்திருக்கிறாள். காஞ்சிபுரம் என்று இருந்தது. நான்கு மணிக்கு நீ காவலை ஒப்படைத்துவிட்டு இறங்கினாய். ஆறு மணிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஏழு மணிக்குக் கலா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, கப்பலு ஏன் போன வழியிலயே திரும்பித் திரும்பி வருது?"

திறந்து பார்த்தேன். நேராக வந்த கோடு ஓர் இடத்தில் மடங்கியிருந்தது. அப்புறம் நாடா தறியில் போய்ப் போய் வருவது மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இணைகோடுகள். கப்பல் எப்போது அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் ஆள் விழுந்தால்தான் ஓடும்.

"எஞ்சினு ட்ரையலு பாப்பாங்கம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்படியா? சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அவள் அந்தப் பொய்யை நம்பி இரண்டு மணி நேரம் இருந்தாள். அப்புறம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மறுநாள் மதியம் பெட்டியும் நின்றுபோனது. வரைபடத்தில் உன் கப்பலே இல்லை. பெட்டியில் பழுது, அடுத்த துறைமுகத்தில் வேறு மாட்டிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பழையதைக் கழற்றிக் கப்பலின் ஸ்டோரிலேயே போட்டிருக்கிறார்கள்.

நீ கிடைக்கவில்லை. விசாரணை அறிக்கையில் தவறி விழுந்திருக்கலாம், தானாகவும் போயிருக்கலாம் என்று இரண்டையும் எழுதி முடித்துவிட்டார்கள். ஊருக்கு இரண்டாவது போதுமானதாக இருந்தது. ஊர் பேரை எழுதி வச்சுட்டுப் போயிட்டான் என்றார்கள். நீங்கள் கட்டிய புது வீட்டுக்கு அடுத்த மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருந்தீர்கள். கலா அந்த வீட்டைப் பூட்டியவள் பூட்டியவள்தான். பக்கத்திலேயே உன் அம்மாவோடு பழைய வீட்டில் இருக்கிறாள். பொட்டை எடுக்கவும் இல்லை, உனக்குத் திதி கொடுக்கவும் இல்லை. யாராவது கேட்டால், "தெரியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். எது தெரிய வேண்டும் என்று அவள் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

இனி போன மாதம். பெட்டியைத் திறந்தேன். மின்சாரப் பகுதியில் ஒரு கெபாசிட்டர் உப்பியிருந்தது. மாற்றினேன். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் இருக்கும் ஜி.பி.எஸ். கிண்ணத்தின் ஒயரைச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. சூடான தூசியில் உப்பும் குங்குமமும் கலந்து அறை முழுக்க உன் கப்பலின் வாசனை. பச்சை விளக்கு ஒன்று, பெட்டி பேசும்போது மினுக்கும் விளக்கு, பத்து நொடிக்கு ஒரு தரம் மினுக்க ஆரம்பித்தது. திரையில் உன் கப்பலின் பெயர். அதற்குக் கீழே காஞ்சிபுரம்.

அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தேன். கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா வாசலில் நின்றேன். பதினோரு மணிக்குக் கலா போன்.

"அண்ணா." குரலில் அழுகையும் இல்லை, பதற்றமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்தக் கப்பலு தெரிஞ்சா சொல்லுன்னு வெச்சிருந்தேன், போனு மணியடிச்சுது. கப்பலு வந்துடுச்சு."

"எந்தக் கப்பலும்மா? அதைத்தான் உடைச்சுட்டாங்களே."

"பிள்ளையார்பாளையத்துல நிக்குது. உங்க தெருவுலதான் காட்டுது. நான் பஸ்ல வந்துக்கினு இருக்கறேன்."

மாடிக்கு ஓடினேன். பெட்டியைச் சோதிக்கும்போது ஆன்டெனா இருக்கும் இடத்தில் டம்மி லோடு என்ற உலோக உருளையை மாட்ட வேண்டும். பெட்டி பேசுவதை அது விழுங்கிவிடும், ஒரு சொல் வெளியே போகாது. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. காலையில் வேறொரு ரேடியோவைப் பார்ப்பதற்காக மொட்டைமாடி ஆன்டெனாவின் ஒயரை மேஜைக்கு இழுத்து வைத்திருந்தேன். அதையே உன் பெட்டியிலும் மாட்டியிருக்கிறேன். இல்லாத ஒரு கப்பல் முக்கால் மணி நேரம் காஞ்சிபுரத்திலிருந்து தன் பெயரைச் சொல்லியிருக்கிறது. மேலே போன ஏதோ ஒரு செயற்கைக்கோள் அதைக் கேட்டிருக்கிறது. தெரிந்தால் என் உரிமம் போகும். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. சுவிட்சை அணைத்தேன். டம்மி லோடை மாட்டி, இறுக்கி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். மாகறல் பஸ் வர இன்னும் எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

அவள் வந்தபோது தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். கஞ்சி போட்ட பட்டு இழைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கலா கையில் கைபேசியோடு அதன் ஓரமாகவே நடந்து வந்தாள். என் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்க்கவில்லை. தெருவின் அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் கூரைகளுக்கு மேலே பார்த்தாள். நான் செத்தாலும் அந்தப் பார்வையை மறக்க மாட்டேன்.

மாடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தவறு, ஆன்டெனா ஒயரை மாற்றாதது, பெட்டி எங்கிருந்து வந்தது, எல்லாம். சொல்லிக்கொண்டே வந்தவன் அதையும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எஞ்சினு ட்ரையலுன்னு சொன்னேன் பாரு, பொய்மா. ஆளைத் தேடுறப்பதான் கப்பலு அப்படிப் போவும். பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது."

"தெரியும்ணா." பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மணி நேரம் நிம்மதியா குந்திக்கினு யாராருக்குப் பத்திரிகை வெக்கலாம்னு எழுதினேன். அதனால உங்களைத் திட்டவும் முடியல."

அப்புறம்தான் கேட்டாள். "அவரு தானா போனாரான்னு இது சொல்லுமா?"

சொல்லாது என்றேன். இருந்தாலும் சுவிட்சைப் போட்டேன். விளக்கு பத்து நொடிக்கு ஒரு தரம் மினுக்கியது. காஞ்சிபுரம் என்ற பெயரை அவள் விரலால் தொட்டாள். நான் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன். போய்ச் சேரும் நேரம் என்று ஒரு கட்டம் உண்டல்லவா? இலவசச் செயலியில் அது தெரியாது, அவள் பார்த்ததில்லை. நானும் நீ அதில் எதுவும் போட்டிருப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பர் 4. மணி 00:30.

கலா தேதியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மணியைப் பார்த்து, "ராத்திரி பன்னண்டரையா? ஏன்?" என்றாள். இந்தப் பெட்டிக்கு நம் ஊர் மணி தெரியாது. உலக மணியில்தான் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தரையைக் கூட்டினால் நம் மணி.

"காலையில ஆறும்மா" என்றேன்.

"முகூர்த்தம்ணா அது. ஆறு மணி."

உன்னை நான் என்ன சொல்ல? துறைமுகத்தில் கட்டிய கப்பலை மாற்ற மறக்கிற நீ, உன் வீட்டு முகூர்த்த நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து, கணக்காகப் பெட்டியில் ஏற்றிவிட்டுத்தான் அன்று காவலை விட்டு இறங்கியிருக்கிறாய். போகிறவன் அதைச் செய்ய மாட்டான். வருகிறவன்தான் செய்வான். அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் அழுதாள். நான்கு வருடத்தில் அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வருஷம் எங்கண்ணா?" என்றாள்.

"இதுல வருஷம் போட எடமே இல்லம்மா. மாசம், தேதி, மணி. அவ்ளோதான்."

அப்புறம் திரையின் மேல் வரியைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். கப்பல் ஓட்டத்தில் இருக்கிறது என்று போட்டிருக்கிறது, அவன் மாற்ற மறந்துவிடுவான், நான் போனில் கத்துவேன் என்றேன். இதை நீ அவளிடம் சொன்னதே இல்லையாமே.

"நான் மாத்தட்டுமா?"

எந்தப் பொத்தான் என்று காட்டினேன். ஒவ்வொன்றாக நகர்த்தினாள். நங்கூரம், கட்டுப்பாட்டில் இல்லை, என்று வரிசையாக வந்தன. 'கட்டியாயிற்று' என்பதில் நிறுத்தி அழுத்தினாள்.

விளக்கு மினுக்கவில்லை. பத்து நொடி, இருபது நொடி. "நின்னுடுச்சாண்ணா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். இல்லை, கட்டிய கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம்தான் பேசும் என்றேன். இரண்டு பேரும் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தறியும் அந்நேரம் பார்த்து நின்றிருந்தது. மூன்றாம் நிமிடம் ஒரே ஒரு தரம் மினுக்கியது. கலா தலையாட்டினாள், யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி.

"நிறுத்திடுங்கண்ணா, போதும். இந்தச் செப்டம்பர் நாலாம் தேதி புது வீட்டுல பாலு காச்சிடறேன். ஆறு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாபாரியிடம் போர்டு எரிந்துவிட்டது, தேறாது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு பொய், போகட்டும். பெட்டியின் ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எந்தச் சட்டை மாற்றினாலும் அதுவும் மாறுகிறது. இதை எழுதும்போதும் நெஞ்சில் இடிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று சாயங்காலம், பழைய கப்பலை என் பட்டியலிலிருந்து அழித்துவிடலாம் என்று செயலியைத் திறந்தேன். பிள்ளையார்பாளையத்தில் அது இன்னும் இருந்தது. ஓட்டம் என்று சொல்லும் கப்பலுக்கு அம்புக்குறி, கட்டியாயிற்று என்று சொல்லும் கப்பலுக்கு வட்டம் போடுவார்கள். வட்டம் இருந்தது. கலா பொத்தானை அழுத்தியபோது டம்மி லோடு மாட்டியிருந்தது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்து மாட்டியவன் நான். அவள் அழுத்தியது இந்த அறையை விட்டு வெளியே போயிருக்க வழியில்லை. நான் படித்த எதிலும் இதற்கு விடை இல்லை.

நேற்றும் பார்த்தேன். ஃபியூஸ் என் பையில் இருந்தது. வட்டத்தைத் தொட்டால் கடைசியாக எப்போது கேட்டது என்று காட்டும். மூன்று நிமிடம் முன்பு என்றது.

கலாவிடம் சொல்லவில்லை. நாலாம் தேதி பால் பொங்கட்டும். ஆறு மணிக்கு நான் மாகறலில் இருப்பேன். நீ எங்கே இருப்பாய் என்று அன்றைக்குப் பையில் இந்த ஃபியூசை வைத்துக்கொண்டே செயலியைத் திறந்து பார்ப்பேன். வட்டம் பிள்ளையார்பாளையத்தை விட்டு மாகறலுக்கு நகர்ந்திருந்தால், கட்டிய கப்பல் எப்படிடா ஓடும் என்று இந்த ஒரு தடவை உன்னைத் திட்ட மாட்டேன்.