டூரினில் வெண்ணெய் போட்ட கீரை

ஒஸ்துனி
21 மே 1984

அன்பு மகள் கொசிமாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒன்பது நாள் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்ததில் முழங்கால் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானா, அடிலெய்டில் குளிர் தொடங்கிவிட்டதா என்று மறக்காமல் எழுது.

சொந்த நாட்டையே பார்க்காமல் இருக்கிறாயே அம்மா, கோயில் குளம் என்று நாலு இடம் போய் வா, நல்லதாய் நாலு சாப்பாடு சாப்பிடு என்று எழுதியிருந்தாய். போனேன், பார்த்தேன், போதும். பங்குச்சாமியார் குவின்தீனோ ஏற்பாடு செய்த பயணம், என் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பால்மா. பீசாவில் ஒரு கோபுரம் சாய்ந்து நிற்கிறது, நம் ஊர்க் கொத்தனார் அப்படிக் கட்டியிருந்தால் விரட்டி அடித்திருப்போம், அங்கே ஜெர்மன்காரர்கள் அதற்கு முட்டுக்கொடுப்பது போலக் கையை நீட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். வடக்கே ஏதோ ஒரு ஏரி, சாமியார் கையைக் கூப்பி, "பாருங்கம்மா, என்ன அழகு!" என்கிறார். அலையும் இல்லை உப்பும் இல்லை, துணி அலசிவிட்டுக் கொட்ட மறந்த தண்ணீர் போலக் கிடந்தது. சாப்பாடு என்று மஞ்சளாய் ஒரு சோளக்களியைத் தட்டில் கொட்டினார்கள், நம் கோழிக்கு வைத்தால் கோழி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதை எடுத்தாலும் வெண்ணெய், ஆலிவ் எண்ணெயை மருந்து மாதிரி சொட்டு விடுகிறார்கள். ஓட்டலில் ஒரு சீமாட்டி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தெக்கத்திக்காரங்களா?" என்று கேட்டபடியே தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பையில் இருந்திருக்கக்கூடிய பவுடரை நான் என்ன செய்யப் போகிறேன்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி. நான் ஊர் பார்க்கப் போகவில்லை. உன் அப்பா சாகவில்லை கொசிமா. டூரின் தொழிற்சாலையில் இயந்திரம் அடித்துச் செத்தார் என்று உனக்கு ஏழு வயதில் சொன்னது நான் கட்டிய கதை. உன் மூன்று வயதில் வேலைக்குப் போனவன், இரண்டு வருடம் கடிதம் போட்டான், பிறகு அதுவும் நின்றது. நாலாவது வருடம் நான் கறுப்பு உடுத்திக்கொண்டேன். விட்டுவிட்டு ஓடினான் என்று சொல்வதைவிடச் செத்தான் என்று சொல்வது கௌரவமாக இருந்தது, அவ்வளவுதான். உண்மை தெரிந்தது பால்மா ஒருத்திக்குத்தான். போன மாதம் டூரினிலிருந்து அவள் தம்பி எழுதியிருந்தான், உன் அப்பா ஒரோன்சோ அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான், ஒஸ்துனி வீட்டுச் சமையல் என்று பலகை தொங்குகிறது என்று. அதனால்தான் பஸ் ஏறினேன்.

டூரினில் எல்லோரும் பெரிய கோயிலுக்குப் போனபோது தலைவலி என்று சொல்லிவிட்டு நானும் பால்மாவும் டிராம் ஏறினோம். கடையைப் பார்க்க வேண்டுமே, சுவரெல்லாம் பூண்டுச்சரம், மீன்வலை, நம் ஊரின் வெள்ளை வீடுகளை மஞ்சளாய்த் தீட்டிய ஒரு படம். அவனுக்குத் தொப்பை போட்டிருக்கிறது, தலைக்கு மை பூசியிருக்கிறான். எங்களை அடையாளம் தெரியவில்லை. நம் ஊரில் செய்கிற, காது வடிவப் பாஸ்தாவும் டர்னிப் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டை கட்டியிருந்த நாலு பேரிடம் போனான். "சாப்பிடுங்க சார், என் சம்சாரத்தோட கைப்பக்குவம். பாவம், சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா. அவ நெனப்புலதான் இந்தக் கடையே ஓடுது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த நாலு பேரும் உச்சுக்கொட்டிக்கொண்டே தட்டை வழித்தார்கள். பால்மா என் கையைப் பிடித்து, "வீத்தா, எந்திரி போயிடலாம், செத்தவங்க சண்டை போடக் கூடாதுடி" என்றாள்.

போயிருப்பேன். ஆனால் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நெத்திலி இல்லை, மிளகாய் இல்லை, கீரையைக் கூழாக வேகவைத்து அதன் தலையில் வெண்ணெய். இதற்குத்தான் என் கைப்பக்குவம் என்று பெயர். எழுந்து நின்று, "ஏன்யா ஒரோன்சோ, என்னைக் கொன்னது கொன்ன, என் கீரையையும் எதுக்குய்யா கொன்ன?" என்று கேட்டேன். நாலு கழுத்துப்பட்டையும் என் பக்கம் திரும்பின. என்னை மேலும் கீழும் பார்த்தான், நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். இருபத்தைந்து வருடம் கழித்து உன் அப்பா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, "நெத்திலி போட்டா இந்த ஊர்க்காரனுங்க நாறுதுங்கிறானுங்க, வீத்தா."

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். தொழிற்சாலையில் வேலை போய்விட்டதாம். "சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வெக்கமே பழகிப்போச்சு" என்றான். இப்படி ஒரு கோழைக்காகவா கறுப்பு உடுத்தினேன் என்று எனக்கு எரிந்தது. வேறு யாராவது இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிறகு, "சின்னது எப்படி இருக்கா?" என்றான். அவன் மண்டையில் உனக்கு இன்னும் மூன்று வயது. சின்னதுக்கே ஒரு சின்னது இருக்கிறது என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "என்னைப் பத்தி அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?" என்று கேட்டான். நான் தட்டிலிருந்த வெண்ணெயை முள்கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளினேன். பால்மாதான் பாவி, "உன்னையும் செத்துட்டன்னுதான்யா சொல்லியிருக்கா" என்று போட்டு உடைத்தாள். அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன், மெதுவாகத் தலையை ஆட்டி, "அப்ப சரிக்குச் சரி" என்றான். அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. ஊரையெல்லாம், அவனையெல்லாம் இவ்வளவு ஏளனமாக எழுதுகிறேனே, அவனுக்குச் சமமாய் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு உன்னை வளர்த்தவள் நான்.

உன் விலாசம் கேட்டான், கொடுக்கவில்லை. அவன் விலாசத்தை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நவம்பர் தோறும் அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கிறாயே, அதை மட்டும் நிறுத்திவிடு. கம்பளிச் சட்டை இல்லாமல் குழந்தையை வெளியே தூக்காதே. மாதா உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். திட்டி எழுதுவதானால் எனக்கு முதலில் எழுது, அவனுக்கு அப்புறம்.

உன் அம்மா,
வீத்தா